வீட்டில் பிக்குமாருக்குத் தானம் கொடுப்பது எப்படி? இலங்கை பௌத்த வழக்கப்படி ஒரு முழுமையான வழிகாட்டி

ஒருவர் இறந்த ஏழாம் நாள், மூன்றாம் மாதம், ஓராண்டு நிறைவு, புதுமனை புகுதல், பிறந்தநாள், இரவு முழுக்கப் பிரித் (காப்பு வேண்டி ஓதும் சூத்திரங்கள்) ஓதிய மறுநாள் காலை. சிங்கள பௌத்தக் குடும்பங்கள் பிக்குமாரை வீட்டுக்கு அழைத்து உணவு படைக்கும் ‘தானம்’ பெரும்பாலும் இந்த நாட்களில்தான் நடக்கும். கலப்புமணம் செய்துகொண்ட தமிழர் வீடுகளில் இதை முன்னின்று நடத்தவேண்டி வருகிறது. அயல்வீட்டுத் தானத்துக்குச் சமையலில் கைகொடுக்கப் போவோரும் உண்டு. அவர்களுக்காக எழுதப்பட்டது இது.

வெளியிலிருந்து பார்த்தால் மேளம், வெள்ளைத் துணி, தாதுப் பேழை (புத்தரின் திருவெச்சம் வைத்த பெட்டி), பாளி வரிகள் என்று மிரட்டும் சடங்கு. பிக்குமாரின் ஒழுக்கவிதியான விநயத்தின்படி பார்த்தால் தானம் பிழைத்துப்போகும் இடங்கள் முக்கியமாக இரண்டு. ஒன்று, நண்பகல் தாண்டிவிடுவது. மற்றது, உணவை முறைப்படி கையில் கொடுக்காமல் விடுவது. மேளம் இல்லாவிட்டாலும் தானம் தானம்தான். பன்னிரண்டு கறி வைத்துவிட்டு நேரத்தைத் தவறவிட்டால் பிக்குமார் பசியோடு விகாரைக்குத் திரும்பவேண்டியதுதான். ஆகவே காசையும் கவனத்தையும் எங்கே செலவழிப்பது என்பதை முதலிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

நாள் குறித்தலும் அழைப்பும்

முதலில் விகாரைக்குப் போங்கள். நேரில் அழைப்பதே மரபு. 40 வெற்றிலை கொண்ட ஒரு கட்டை இரு கையாலும் தலைமைத் தேரரிடம் (மூத்த பிக்குவிடம்) கொடுத்து, விழுந்து வணங்கி, விஷயத்தைச் சொல்ல வேண்டும். ‘ஹாமுதுருவனே’ என்று விளித்தால் போதும். தமிழில் பேசும்போது ‘சுவாமி’ என்றாலும் தவறாக எடுக்கமாட்டார்கள். உங்கள் வணக்கத்துக்கு அவர் கைகூப்பிப் பதில் வணக்கம் சொல்லமாட்டார். அது அலட்சியமல்ல. இல்லறத்தாரை பிக்கு வணங்குவதில்லை என்பது விதி. ‘சுவபத் வேவா’ என்ற வாழ்த்துத்தான் அவருடைய பதில்.

“சோறு சாப்பிட வாருங்கள்” என்று உணவின் பெயரைச் சொல்லி அழைக்கக்கூடாது. நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட பிக்குமாரை அப்படி உணவின் பெயர் சொல்லி ஒன்றாக அழைத்தால், ஏற்றுக்கொள்பவர்களுக்கு அது விநயக் குற்றமாகும். “தானத்துக்கு எழுந்தருள வேண்டும்” என்று மட்டும் சொல்லுங்கள். சிங்களத்தில் ‘தானயட்ட வடின்ன’ என்பார்கள்.

எத்தனை பேர்? சங்கம் என்று சொல்ல உபசம்பதா (முழுத் துறவு) பெற்ற 4 பிக்குமாராவது வேண்டும். இந்த எண்ணிக்கையோடு சங்கத்துக்குப் பொதுவாகக் கொடுப்பதைத்தான் ‘சாங்கிக தானம்’ என்கிறார்கள். இளம் சாமணேரர்கள் (முழுத் துறவு பெறாத இளந்துறவிகள்) கூட வரலாம். ஆனால் அந்த நான்கில் அவர்கள் சேரமாட்டார்கள். வீடு சிறிதென்றால் நான்குடன் நிறுத்திக்கொள்ளுங்கள். இன்ன பிக்குதான் வேண்டும் என்று பெயர் குறித்துக் கேட்காமல், யாரை அனுப்புவது என்பதைத் தேரரிடமே விட்டுவிடுவதுதான் சாங்கிக தானத்துக்கு அழகு. மகாபிரஜாபதி கோதமி தன் கையாலேயே நூற்று நெய்த துணியைப் புத்தருக்கென்று கொண்டுவந்தபோது, “சங்கத்துக்குக் கொடு” என்றுதான் அவர் சொன்னார். பாளி நூல் தொகுப்பான மஜ்ஜிம நிகாயத்தின் 142ஆம் சூத்திரம் இதைப் பற்றியது. ஆளுக்கு ஆள் தகுதி பார்த்துக் கொடுப்பதைவிட, ஆள் பாராமல் சங்கத்துக்குக் கொடுப்பதை உயர்ந்ததாக அது வைக்கிறது.

போயா (பௌர்ணமி) நாளைத் தவிர்க்கவும். அன்று விகாரைக்குச் சில் (சீல விரதம்) எடுக்க வருவோரைப் பிக்குமார் கவனிக்க வேண்டும். ஜூலை வாக்கில் எசல போயாவுக்கு மறுநாள் தொடங்கும் மூன்று மாத வஸ் (மழைக்காலத் தங்கல்) காலத்தில் பகல் தானத்துக்கு வரத் தடையில்லை, வெளியூரில் இராத் தங்குவதற்குத்தான் கட்டுப்பாடு. அதன் பின்னால் வரும் கட்டின (சங்கத்துக்குத் துறவாடை கொடுக்கும்) மாதத்தில் எல்லா விகாரைகளிலும் வேலை குவிந்திருக்கும். அந்த மாதத்தில் நாள் வேண்டுமென்றால் வெகு முன்னதாகவே கேட்டுவிடுங்கள். இறந்தவருக்கான ஏழாம் நாள் தானத்துக்கு முந்தைய மாலை வீட்டில் பண, அதாவது அறவுரை, நடக்கும். எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதை நீங்களே முடிவு செய்யாமல் தேரரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

அதே சந்திப்பில் கேட்டுவிட வேண்டியவை இன்னும் சில. எத்தனை பேர் வருவார்கள், பீங்கானில் உண்பார்களா, தங்கள் பாத்திரத்திலேயே உண்பார்களா (வனவாசி பிக்குமார் அனேகமாகப் பாத்திரத்தில்தான்), யாருக்காவது நீரிழிவோ உப்புக் கட்டுப்பாடோ உண்டா, மரக்கறி மட்டுமா, தாதுப் பேழை வருமா, வாகனம் எத்தனை மணிக்கு வரவேண்டும். வயதான தேரர்களில் பலருக்கு நீரிழிவு இருக்கிறது. தானம் கொடுப்போரோ வட்டிலாப்பத்தையும் கித்துள் பாணியையும் போட்டி போட்டுக்கொண்டு படைக்கிறார்கள். கேட்டால் சொல்வார்கள். கேட்காமல் அவர்களாகச் சொல்வது அரிது.

இடமும் பொருளும்

பிக்குமார் அமர, ஒரு சுவரை ஒட்டி வரிசையாகப் பாய் விரித்து, அதன்மேல் மெத்தையோ திண்டோ போட்டு, எல்லாவற்றையும் தூய வெள்ளைத் துணியால் மூட வேண்டும். ஒருவருக்கு இரண்டரை அடி அகலம் விட்டால் முழங்கால் இடிக்காது. முன்னால் பரிமாறுவோர் குனிந்து நடக்க மூன்றடியாவது வேண்டும். இதை விட மறந்துவிட்டுப் பிறகு தளபாடத்தை இழுக்கும் வீடுகள்தான் அதிகம். வரிசையின் தலைமாட்டில் ஒரு சிறு மேசை, அதற்கும் வெள்ளைத் துணி, தாதுப் பேழைக்கும் புத்த பூஜைக்கும். அமரும் வரிசை வயதுப்படி அல்ல, உபசம்பதா பெற்ற காலப்படி. அதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். “ஐயா, நீங்கள் இங்கே இருங்கள்” என்று நீங்கள் இடம் காட்டப்போக வேண்டாம்.

பிக்குமார் தரையில் இருக்கும்போது இல்லறத்தார் கதிரையில் இருப்பது கூடாது. தன்னைவிட உயரமான ஆசனத்தில் இருப்பவருக்கு, அவர் நோயாளியாக இல்லாத பட்சத்தில், பிக்கு அறம் உரைக்கக்கூடாதென்று விதியே உண்டு. ‘நோயாளியாக இல்லாத பட்சத்தில்’ என்பதைக் கவனியுங்கள். முழங்கால் மடக்க முடியாத பாட்டிக்கு ஒரு கதிரை தாராளமாகப் போடலாம்.

வாசலில் கால் கழுவ ஒரு அகன்ற பேசின், ஒரு செம்பு, பிக்குமார் எண்ணிக்கைக்கு ஏற்பப் புதுத் துவாய்கள். வாசலிலிருந்து இருக்கை வரை தரையில் விரிக்க நீண்ட வெள்ளைத் துணி. கழுவிய ஈரக்கால் வழவழப்பான டைல்ஸில் இந்தத் துணியோடு சேர்ந்து வழுக்கும். இரு பக்கமும் தரையோடு ஒட்டுநாடா போட்டுவிடுங்கள். கை கழுவ இன்னொரு பேசினும் கெண்டியும், குடிநீர், பல்குத்தி, கைதுடைக்கும் கடதாசி. நீர் வார்ப்பதற்கான கெண்டி, கோப்பை, தாம்பாளம் பற்றிப் பின்னால் சொல்கிறோம். அவற்றை முதல்நாளே எடுத்து ஒதுக்கி வையுங்கள்.

சமையல்

மூன்று கேள்விகள் முக்கியம். மீன், இறைச்சி சமைக்கலாமா? தேரவாத விநயத்தில் மரக்கறி கட்டாயமில்லை. தனக்கென்று கொல்லப்பட்டதைப் பார்க்கவோ கேட்கவோ சந்தேகிக்கவோ இல்லை என்றால் பிக்கு அதை ஏற்கலாம். சந்தையில் வெட்டி விற்கும் மீன் இந்த விதிக்குள் அடங்கும். தானத்துக்கென்றே வீட்டுக் கோழியை அறுப்பதும், உயிரோடு நண்டு வாங்கிவந்து கொதிநீரில் போடுவதும் அடங்கா. மனிதன், யானை, குதிரை, நாய், பாம்பு, சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, கழுதைப்புலி ஆகிய பத்தின் இறைச்சி எந்த நிலையிலும் விலக்கு. மாட்டிறைச்சி அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் சிங்கள பௌத்த வீடுகளில் தானத்துக்கு அதை வைப்பதில்லை. வரும் எல்லோருக்கும் பொருந்தவேண்டுமென்றால் மரக்கறியே சிக்கலில்லாதது என்பது எங்கள் கருத்து.

ருசி பார்க்கலாமா? புத்தருக்கு முதலில் படைக்கும்வரை யாரும் நாவில் வைப்பதில்லை என்பது வழக்கம். அதனால்தான் தானத்துக் கறிகளில் அடிக்கடி உப்புப் பிழைக்கிறது. கண்ணளவை நம்பாமல் அளந்து போடுங்கள்: கறியாகி முடியும்போது மொத்த எடை ஒரு கிலோ வரும் என்றால் 10 கிராம் உப்பு, ஏறக்குறைய இரண்டு மட்டத் தேக்கரண்டி. மாசிக் கருவாடு, ஊறுகாய், மோஜு போன்றவற்றுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. முதல் வாரமே ஒருமுறை அதே அளவில் வீட்டுக்குச் சமைத்து, அளவைக் குறித்து வைத்துக்கொள்வதே நல்ல வழி.

எவ்வளவு சமைப்பது? 5 பிக்குமாரும் 45 விருந்தினரும் என்று வைத்துக்கொண்டால் அரிசி 6 முதல் 6.5 கிலோ, பருப்பு 1.5 முதல் 2 கிலோ, மற்ற மரக்கறி ஒவ்வொன்றும் 3 கிலோ அளவில், தேங்காய் இருபதுக்குக் குறையாமல், ஒரு லிட்டர் தயிர்ச்சட்டி 6 அல்லது 7, கித்துள் பாணி இரண்டு போத்தல். வழக்கமான பட்டியல்: சோறு, பருப்பு, பலாப்பிஞ்சு, கத்தரிக்காய் மோஜு, முந்திரிப்பருப்புக் கறி, உருளைக்கிழங்கு, கீரை மல்லுங், அப்பளம், வேண்டுமானால் மீன். அதற்குப் பின் தயிரும் பாணியும், பழம், வட்டிலாப்பம். காலைத் தானமாக இருந்தால் பாற்சோறு, கட்டச் சம்பல், கொழுக்கட்டை போன்ற இனிப்பு, வாழைப்பழம் போதும். ஆறு கறிக்கு மேல் போனால் பரிமாறும் நேரம் நீளும். நேரந்தான் இங்கே எல்லாவற்றையும்விட விலை கூடிய பொருள்.

பழங்களை வெட்டித்தான் வைக்க வேண்டும். முளைக்கக்கூடிய விதையுள்ள பழத்தைப் பிக்கு அப்படியே உண்ணக்கூடாது. இல்லறத்தார் கத்தியாலோ நகத்தாலோ நெருப்பாலோ அதைத் தொட்டு ‘தகுதியாக்கித்’ தர வேண்டும். விதி கடுமையாகப் பேணும் பிக்கு ‘கப்பியம் கரோஹி’ என்பார். நீங்கள் பழத்தில் கத்தியை ஒருமுறை குத்தியபடி ‘கப்பியம் பந்தே’ என்று பதில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

நேரக்கணக்கு

மதியத் தானத்தை பின்னாலிருந்து முன்னோக்கிக் கணக்கிடுங்கள். சூரியன் உச்சிக்கு வந்தபின் பிக்குமார் மறுநாள் விடியும்வரை திட உணவு உண்பதில்லை. பெரும்பாலானோர் கடிகாரத்தில் 12 மணியை எல்லையாக வைக்கிறார்கள். ஆனால் கொழும்பில் உச்சிப்பொழுது நவம்பர் தொடக்கத்தில் ஏறக்குறைய 11.54க்கே வந்துவிடும், பெப்ரவரி நடுவில் 12.25 வரை தள்ளிப்போகும். ஒக்டோபர், நவம்பர் தானங்களில் 12 மணியை நம்புவது ஆபத்து என்பது இதனால்தான். 11.45க்கு உண்டு முடிக்கும்படி திட்டமிட்டால் எந்த மாதத்திலும் கவலையில்லை.

அதற்கு:
10.15 விகாரையிலிருந்து வாகனம் புறப்படுதல்
10.35 வரவேற்பு, கால் கழுவுதல்
10.45 புத்த பூஜை, பஞ்சசீலம்
11.00 சிற்றுரை, ஒப்படைத்தல்
11.10 பரிமாறத் தொடங்குதல்
11.45 கை கழுவுதல்
அதன்பின் பிரிகர (பிக்குமாருக்குக் கொடுக்கும் பொருட்கள்), புண்ணிய அனுமோதனம் (புண்ணியத்தைப் பகிர்தல்), நீர் வார்த்தல். இவற்றுக்கு நேர எல்லை இல்லை.

நேரம் தவறுவது அனேகமாக இரண்டு காரணத்தால். வாகனத்துக்கு ஒழுங்கு செய்தவர் போக்குவரத்து நெரிசலைக் கணக்கில் எடுக்காதது ஒன்று. குடும்பத்துப் பெரியவர் ஒருவர் உணவுக்கு முன்னால் எழுந்து இறந்தவரைப் பற்றி நீளப் பேசுவது மற்றது. இரண்டாவதைத் தடுப்பது சங்கடமான வேலை. “மாமா, நீங்கள் சாப்பாட்டுக்குப் பிறகு பேசுங்கோ, அப்போதுதான் எல்லாரும் ஆறுதலாகக் கேட்பினம்” என்று முதல்நாளே சொல்லிவிடுங்கள். வாகனத்தில் பிக்குவுக்குப் பக்கத்து இருக்கையில் பெண்கள் அமர்வதில்லை. துணைக்கு ஓர் ஆண் போவது நல்லது.

வாசல் முதல் இருக்கை வரை

தாதுப் பேழையை வீட்டு ஆண் ஒருவர் தலைமேல் ஏந்தி முதலில் வர, மேலே ஒருவர் வெண்குடையோ விதானத் துணியோ பிடிக்க, பின்னால் பிக்குமார் வருவார்கள். வசதியுள்ள வீடுகளில் முன்னால் ஹேவிசி மேளம் போகும்: தம்மட்டம், தவில் போன்ற தவுல, நாதசுரத்தின் சின்னத் தம்பியான ஹொரணை. இவற்றை அமர்த்தாவிட்டால் யாரும் குறை சொல்வதில்லை. எல்லோரும் ‘சாது, சாது, சாது’ என்று சொல்லி வரவேற்கலாம்.

வாசலில் வீட்டுத் தலைவரோ மூத்த மகனோ செம்பால் நீர் ஊற்ற, இன்னொருவர் துவாயால் துடைக்க வேண்டும். நீரை மேலிருந்து ஊற்றாமல் கணுக்காலருகே வைத்து ஊற்றினால் சீவரம் (பிக்குவின் ஆடை) நனையாது. துடைக்கும்போது தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். பெண்கள் இந்த வேலைக்குப் போவதில்லை. வீட்டார் வெள்ளையில், தோள் மூடிய உடையில் இருப்பது மரபு. தொப்பியும் செருப்பும் வாசலுக்கு வெளியே.

புத்த பூஜையும் சீலமும்

சமைத்த ஒவ்வொன்றிலும் சிறிது எடுத்துச் சின்னக் கிண்ணங்களில் வைத்து, ஒரு தட்டில் அடுக்கி, நீரும் பூவும் வெற்றிலையும் சேர்த்து, துணியால் மூடி மேசைக்குக் கொண்டுபோவது புத்த பூஜை. பூவை முகர்ந்து பார்க்காதீர்கள். வீட்டில் தாதுப் பேழை இல்லையென்றால் புத்தர் சிலை முன் வைக்கலாம். வைக்கும்போது சொல்லும் வரி:

“அதிவாசேது நோ பந்தே, போஜனம் பரிகப்பிதம், அனுகம்பம் உபாதாய படிகண்ஹாது முத்தம.” நாங்கள் ஆயத்தம் செய்த இந்த உணவை, எங்கள்மேல் இரங்கி ஏற்றருள வேண்டும் என்பது பொருள்.

இங்கேதான் கோயில் பழக்கமுள்ள தமிழர்கள் தடுமாறுகிறார்கள். புத்த பூஜைத் தட்டு பிரசாதம் அல்ல. அதை எடுத்துப் பகிர்ந்து உண்பதில்லை. நண்பகலுக்கு முன் தட்டை எடுத்து, உணவை மரத்தடியில் பறவைகளுக்கோ நாய்களுக்கோ வைத்துவிடுவார்கள். “சாமிக்குப் படைச்சதை நாய்க்குப் போடுறாங்களே” என்று பதற வேண்டாம். அதே காரணத்தால் தட்டில் மலைபோல் குவிக்கவும் வேண்டாம். ஒவ்வொன்றிலும் ஒரு மேசைக்கரண்டி போதும்.

பிறகு எல்லோரும் பாயில் அமர்ந்து கைகூப்ப, தேரர் ‘நமோ தஸ்ஸ பகவதோ அரஹதோ சம்மா சம்புத்தஸ்ஸ’ என்பதை மூன்று முறை சொல்லித்தருவார். மும்மணிச் சரணம் (புத்தர், தம்மம், சங்கம்), அதன்பின் ஐந்து சீலங்கள். அவர் சொல்லிய பின் சொல்ல வேண்டும், கூடவே அல்ல. சரணம் முடிந்ததாக அவர் அறிவிக்கும்போது ‘ஆம பந்தே’ என்பது பதில். ஐந்தாவது சீலம் மதுவிலக்கு. பின்கட்டில் உதவிக்கு வந்த ஆட்களுக்குப் போத்தல் திறந்து வைத்துவிட்டு முன்கட்டில் இதைச் சொல்லும் வீடுகளும் இல்லாமலில்லை. அன்றைக்காவது அதை ஒழியுங்கள். பௌத்தரல்லாதவர் வாய் திறந்து சொல்லவேண்டிய கட்டாயமில்லை. அமைதியாகக் கைகூப்பி இருந்தாலே மரியாதை.

ஒப்படைத்தல்: பிழைக்கவே கூடாத இடம்

மேசையில் உணவு அடுக்கியிருப்பதாலேயே அது ‘கொடுக்கப்பட்டது’ ஆகாது. கொடுக்கப்படாததைப் பிக்கு வாயில் வைக்கக்கூடாது. நீரும் பல்குச்சியும் மட்டும் விதிவிலக்கு. முறையான ஒப்படைத்தலுக்கு, கொடுப்பவர் கைநீட்டும் தூரத்துக்குள் நெருங்கியிருக்க வேண்டும். பொருள் ஒரு சாதாரண ஆள் தூக்கக்கூடிய கனத்தில் இருக்க வேண்டும். கையாலோ கையில் பிடித்த கரண்டி, தட்டு போன்றவற்றாலோ கொடுக்க வேண்டும். பிக்கு கையாலோ தன் பாத்திரத்தாலோ பெற வேண்டும்.

செய்யவேண்டியது இதுதான். குடும்பத்தார் எல்லோரும் நெருங்கி வந்து, சோற்றுப் பாத்திரத்தையோ முதல் தட்டையோ ஆளுக்கொரு கை தொட, எட்டாதவர்கள் முன்னிருப்பவரின் தோளைத் தொட, தேரர் சொல்லித்தரும் வரியை மூன்று முறை சொல்லுங்கள்:

“இமம் பிக்கம் சபரிக்காரம் பிக்கு சங்கஸ்ஸ தேம.”

இந்த உணவைத் தேவையான மற்றப் பொருட்களுடன் பிக்கு சங்கத்துக்குக் கொடுக்கிறோம் என்பது பொருள். மூன்றாம் முறை முடிந்ததும் பாத்திரத்தை இரு கையாலும் தூக்கித் தலைமைத் தேரரிடம் நீட்ட வேண்டும். அவர் தொட்டதும் விடலாம். இலங்கையில் பெண்களும் நேராகக் கொடுக்கலாம்; கை படாமல் தட்டின் ஓரத்தைப் பிடித்துக் கொடுத்தால் சரி.

அடிக்கடி நடக்கும் பிழை இதற்குப் பிறகு வருகிறது. பிக்குவின் முன் வைத்துவிட்ட கிண்ணத்தை, “இது நடுவில் இருக்கட்டும்” என்று இல்லறத்தார் ஒருவர் எடுத்து நகர்த்துவார். அப்படித் தூக்கினால் கொடுத்தது ரத்தாகிவிடும் என்று பல பிக்குமார் கொள்வார்கள். அவர்களாக ஒன்றும் சொல்லாமல் அந்தக் கிண்ணத்தைத் தொடாமலே விட்டுவிடுவார்கள். கை பட்டுவிட்டால் மறுபடி இரு கையாலும் எடுத்துக் கொடுத்துவிடுங்கள். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதிருப்பது இன்னும் நல்லது.

பரிமாறுதல்

மூத்தவரிடமிருந்து தொடங்கி வரிசைப்படி. முதலில் சோறு, பின் கறிகள், ஒவ்வொன்றையும் ஒருவர் கொண்டுபோக வேண்டும். முழங்காலிட்டோ நன்றாகக் குனிந்தோ, கரண்டியைத் தட்டுக்கு மேலே ஒரு சாண் உயரத்துக்குள் பிடித்துப் பரிமாறினால் சீவரத்தில் குழம்பு தெறிக்காது. தட்டின் விளிம்பு மட்டத்துக்கு மேல் குவிக்கக்கூடாது. பிக்குமார் வாய்விட்டு “இன்னும் கொஞ்சம்” என்று கேட்கமாட்டார்கள். ஒவ்வொரு கறியும் இரண்டு சுற்று வரவேண்டும். போதுமென்றால் கையைத் தட்டின்மேல் காட்டுவார்கள். அதற்கு மேல் “கொஞ்சம், கொஞ்சம்” என்று வற்புறுத்துவது நம் ஊர் உபசாரம். இங்கே அது தொந்தரவு. உண்ணும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள்.

இனிப்பும் பழமும் கை கழுவுவதற்கு முன்பே வந்துவிட வேண்டும். ‘போதும்’ என்று மறுத்து இருக்கையை விட்டு எழுந்த பிக்கு அன்று மறுபடி உண்ண விதி இடங்கொடாது. தயிர்ச்சட்டி குளிர்பெட்டியில் மறந்துபோய், தேரர் கை கழுவிய பின் ஒருவர் அதைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் காட்சி எல்லாத் தானங்களிலும் உண்டு. சோறு இரண்டாம் சுற்றுப் போகும்போதே இனிப்புக்குப் பொறுப்பானவர் வாசலில் தயாராக நிற்கட்டும். உண்டு முடிந்து கை கழுவியதும் வெற்றிலைத் தட்டை நீட்டலாம்.

பிரிகர

உணவுக்குப் பின் கொடுக்கும் பொருட்கள் இவை. தலைமைத் தேரருக்கு ‘அட்டபிரிகர’ எனப்படும் எட்டுப் பொருள்: மூன்று சீவரங்கள், பாத்திரம், சவரக்கத்தி, ஊசி, இடைக்கச்சை, நீர் வடிகட்டி. மற்றவர்களுக்குத் துவாய், சவர்க்காரம், பற்பசை, தேயிலை, சீனி, கொப்பி, குடை என்று உங்கள் வசதிப்படி. கடையில் பளபளக்கும் தாளில் இறுக்கிக் கட்டிய அட்டபிரிகரவை அப்படியே வாங்காதீர்கள். பிரித்துப் பாருங்கள்: சீவரம் கைக்குட்டைத் துணிபோல் மெலிதாக, அணிய முடியாத அளவில் இருக்கலாம், பாத்திரம் வெறும் தகடாக இருக்கலாம். தேரரின் உயரத்தைச் சொல்லி, அவருடைய நிகாயம் (சங்கப் பிரிவு) பயன்படுத்தும் நிறத்தைக் கேட்டு, ஒரு நல்ல சீவரம் தனியாக வாங்கிக் கொடுப்பது எட்டுப் போலிப் பொருட்களைவிடப் பயனுள்ளது. பணத்தைப் பிக்குவின் கையில் நீட்டாதீர்கள், பொன்னும் பணமும் ஏற்பது விநயத்தில் விலக்கு; விகாரைக்கு உதவ விரும்பினால் தாயக சபையிடம் (விகாரையின் ஆதரவாளர் குழு) கொடுங்கள்.

விருந்தினராகப் போகிறவர் என்ன கொண்டுபோவது? இந்தப் பட்டியலில் ஏதாவது ஒன்று, அல்லது வீட்டாருக்குச் சீனி, பிஸ்கட், பழம். சமைத்த கறி கொண்டுபோவதானால் முதல்நாளே சொல்லி, பத்து மணிக்கு முன் சமையலறையில் சேர்த்துவிடுங்கள். புத்த பூஜைத் தட்டில் அதற்கும் ஒரு கிண்ணம் வேண்டும்.

நீர் வார்த்தல்

இறந்தவருக்கான தானத்தில் வீட்டார் மனதில் நிற்பது இதுதான். ஓர் ஆழமான தாம்பாளத்தில் சிறு கோப்பையை வைத்து, இறந்தவரின் மனைவி, பிள்ளைகள், சகோதரர்கள் எல்லோரும் ஒரே கெண்டியைச் சேர்ந்து பிடித்துக் கோப்பைக்குள் நீரை மெல்ல ஊற்றுவார்கள். முதலில், “இதம் மே ஞாதீனம் ஹோது, சுகிதா ஹொந்து ஞாதயோ” என்று மூன்று முறை: இது என் உறவினருக்குச் சேரட்டும், உறவினர் நலமுறட்டும். பிறகு பிக்குமார் திரோகுட்ட சூத்திரத்தின் வரிகளை ஓதுவார்கள்:

“உன்னமே உதகம் வட்டம் யதா நின்னம் பவத்ததி, ஏவமேவ இதோ தின்னம் பேதானம் உபகப்பதி.”

மேட்டில் பெய்த நீர் பள்ளத்துக்கு இறங்குவதுபோல, இங்கே கொடுத்தது மறைந்தோரைப் போய்ச் சேரும் என்கிறது அது. அடுத்த வரி நிறைந்த ஆறுகள் கடலை நிரப்புவதைச் சொல்கிறது. கோப்பை நிரம்பித் தாம்பாளத்தில் வழிவது அந்த வரிகளுக்குத்தான்.

ஆகவே அளவைப் பாருங்கள். ஓதல் ஏறக்குறைய ஒரு நிமிடம் நீளும். 150 மில்லிலிட்டர் கோப்பை, ஒரு லிட்டர் கெண்டி, ஒன்றரை லிட்டர் கொள்ளும் விளிம்புள்ள தாம்பாளம் என்றால் பொருந்தும். கெண்டியின் மூக்கு குறுகலாக இருக்க வேண்டும். வாயகன்ற ஜக்கைப் பிடித்தால் முதல் வரி முடியுமுன் நீர் தீர்ந்துவிடும். தட்டையான தட்டை வைத்தால் நீர் பாயில் ஓடும், ஆட்கள் கால்களை இழுப்பார்கள், அந்த நேரத்தின் அமைதி போய்விடும். முதலில் கைபிடிப்பவர் அழுதால் கெண்டி ஆடும். அடியில் ஒருவர் தாங்கிப் பிடிப்பது நல்லது. முடிந்தபின் அந்த நீரைக் கழிவறையில் கொட்டாமல் முற்றத்து மரத்தடியில் ஊற்றுவார்கள்.

விரும்புவோருக்கு வலது மணிக்கட்டில் பிரித் நூல் கட்டிவிடுவார்கள். அதற்குப் பின் பிக்குமார் எழ, வந்தபடியே தாதுப் பேழை முன்னால் புறப்பட்டு, வாகனம்வரை எல்லோரும் கூடப்போய் வணங்கி அனுப்ப வேண்டும். பிக்குமார் போன பின்தான் விருந்தினர் சாப்பாடு.

செலவைப் பற்றி

மூன்று மாதத் தானத்துக்குக் கடன் வாங்கும் குடும்பங்கள் உண்டு. அங்குத்தர நிகாயம் நல்லோர் கொடை என்று ஐந்தைச் சொல்கிறது: நம்பிக்கையோடு, மரியாதையோடு, காலத்தில், தாராள மனத்தோடு, தன்னையும் பிறரையும் வருத்தாமல் கொடுப்பது. கடைசியைக் கடன்காரர் படிக்க வேண்டும். வீட்டுக்கு அழைக்க வசதியில்லையென்றால், அதே உணவைச் சமைத்து விகாரைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். பந்தலும் வாகனமும் விருந்துச் செலவும் மிச்சம். ஒப்படைக்கும் வரியும் நீர் வார்த்தலும் அங்கேயும் அப்படியே நடக்கும். பல விகாரைகளில் மாதத்துக்கு ஒரு நாள் என்று குடும்பங்கள் முறைவைத்து உணவு கொடுக்கும் பட்டியல் இருக்கிறது. உங்கள் நாளை அதில் பதியச் சொன்னால் போதும். ஓராண்டு நிறைவுத் தானத்துக்கு நாள் வேண்டுமென்றால், மூன்று மாதத் தானம் முடிந்து பிக்குமாரை அனுப்பும்போதே தேரரிடம் சொல்லி விகாரை நாட்காட்டியில் எழுதி வைத்துவிடுங்கள்.